முதலும் இலாபமும்

நாகூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பது எங்கள் கடை. எட்டடி அகலம், பன்னிரண்டடி நீளம். ஓட்டுக்கூரை. வாசலில் தொங்கும் பலகையில் ‘கிதாபு பைண்டிங்’ என்று வாப்பா எழுதுவித்த எழுத்துகள் வெயிலில் வெளுத்து, இப்பொழுது ஊர்க்காரர்களுக்கு மட்டுமே படிக்கத் தெரிகின்றன. காலையில் மத்ரஸாவில் பாடம் நடத்துகிறேன். அஸர் தொழுதபின் கடையைத் திறந்து, மஃரிபுக்குச் சற்று மூடி, மீண்டும் இஷா வரை இருப்பேன். முப்பதாண்டுகளாக இதுவே என் நாளின் ஒழுங்கு.

கந்தூரிக்கு வரும் வெளியூர் உறவினர் முதல் என்னிடம் ஓதும் மாணவர் வரை, கடைக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “இதுல என்ன கெடைக்குது ஆலிம்சா?” நானும் நெடுங்காலம் ஒரே விடையைச் சொல்லி வந்தேன்: “மனநிறைவு கிடைக்கிறது.” சொல்லும்போதே என் நெஞ்சு சற்று நிமிரும். அந்த விடை பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. மற்றப் பாதியை நான் அறிந்துகொண்ட வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். சிறுகடை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படக்கூடும்.

வாப்பா ஆலிம் அல்லர். ஓதத் தெரியும், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், அரபுத்தமிழ் சரளமாக வரும். இளமையில் நாகப்பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் கூலிக்குச் சேர்ந்து, அங்கே பைண்டிங் பிரிவில் ஊசி பிடிக்கக் கற்றவர். பிறகு ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை வைத்தார். அவர் கையில் மூன்று வகை வேலைகள் இருந்தன. வணிகர்களுக்குப் பேரேடும் நாளேடும் கட்டுவது முதல் வகை. ஜூன் மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல்களுக்கு அட்டை போடுவது இரண்டாம் வகை. வீடுகளிலிருந்து வரும் பழைய முஸ்ஹபுகளையும் கிதாபுகளையும் புதுப்பிப்பது மூன்றாம் வகை. முதலிரண்டும் சோறு போட்டன. மூன்றாவதில் அவருக்கு உயிர் இருந்தது.

நம் பைண்டிங் தொழிலில் ‘ஜுஸ் தையல்’ என்றொரு சொல் வழங்குகிறது. மதத்தால் எவராயினும் பழைய பைண்டர்களுக்கு இது தெரியும். குர்ஆனின் முப்பது பாகங்களை நாம் ஜுஸ்வு என்கிறோமே, அதே அரபுச் சொல்தான் உர்தூ வழியாகத் தையல்காரர் ஊசிமுனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத் தையல் என்பது புத்தகத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே துளையிட்டு ஒரேயடியாகக் குத்திக் கட்டிவிடுவது. விரைவில் முடியும். ஆனால் புத்தகம் அகலத் திறக்காது. ரைஹாலில் வைத்தால் மூடிக்கொள்ளும். பிள்ளை கையால் அழுத்தித் திறக்கும், முதுகு வெடிக்கும். ஜுஸ் தையலிலோ ஒவ்வொரு ஃபாரத்தையும் தனித்தனியே விரித்து, அதன் மடிப்பின் நடுவில் ஊசியை விட்டு, முன் ஃபாரத்தோடு முடிச்சிட்டுச் செல்ல வேண்டும். சுமார் 600 பக்கமுள்ள முஸ்ஹபில், பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று கொண்டால் 38 ஃபாரங்கள். முப்பத்தெட்டு முறை விரித்து, முப்பத்தெட்டு முறை முடிச்சிட்டால், அந்த முஸ்ஹபு ரைஹாலில் தானே மல்லாந்து கிடக்கும். “ஓதுறவன் கை பாரம் நம்ம ஊசியில இருக்கு” என்பார் வாப்பா.

பசையும் அவரே காய்ச்சுவார். மைதா மாவில் சிறிது மயில்துத்தம் கலப்பார். பூச்சி அண்டாது. பழங்கால அரபு ஏடுகளின் முதற்பக்கத்தில் ‘யா கபீகஜ்’ என்று எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. கபீகஜ் என்பது பூச்சிகளை விரட்டும் ஒரு செடியின் பெயர் என்றும், பூச்சிகளுக்கெல்லாம் தலைவனின் பெயர் என்றும் சொல்வார்கள். மத்ரஸாவில் இதைக் கேள்விப்பட்டு வந்து நான் பெருமையாகச் சொன்னபோது வாப்பா சிரித்தார். “எழுது தம்பி, எழுது. ஆனா துத்தத்தையும் மறக்காம போடு” என்றார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. எவ்வளவு ஏழையாயினும் அவர் இலவசமாக வேலை செய்து கொடுக்கமாட்டார். கால் ரூபாயாவது வாங்கிக்கொள்வார். எனக்கு இது அக்காலத்தில் கருமித்தனமாகத் தோன்றியது. ஒருநாள் கேட்டும்விட்டேன். “வெலை கொடுத்தவனுக்குத்தான் கொறை சொல்ல வாய் இருக்கும். சும்மா வாங்கிட்டுப் போறவன் தையல் பிரிஞ்சாலும் திரும்பி வரமாட்டான்” என்றார். அந்தச் சொல் எனக்கு விளங்கப் பதினைந்தாண்டு ஆயிற்று.

1996இல் வாப்பா மறைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நான் ஸனது பெற்று வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடையை மூடிவிடும்படி உறவினர் கூறினர். எனக்கு மனம் வரவில்லை. ஊசி பிடிக்கச் சிறுவயதிலேயே கற்றிருந்தேன். வாப்பாவிடம் பன்னிரண்டு வயதில் சேர்ந்து வளர்ந்த உதவியாளர் ஒருவரும் இருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். தையலில் என்னைவிட மூத்தவர். மஸ்ஜிதிலும் மத்ரஸாவிலும் கழியும் நேரம் போக மீதியைக் கடைக்கு ஒதுக்கினேன்.

அதற்கு நான் தேடிக்கொண்ட ஆதரவுகள் பல. நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்றும், கையுழைப்பில் உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும் வரும் நபிமொழியைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் என் கையிலிருக்கும் பசைக் கறையை நினைத்துக்கொள்வேன். நம் இமாம்களின் பெயர்களைப் பாருங்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகர். வக்ஃபு பற்றி நூல் செய்த கஸ்ஸாஃப், செருப்புத் தைத்து உண்டவர். அப்பெயருக்கே அதுதான் பொருள். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்துக்காரர். ஹல்வானீ என்றால் இனிப்பு விற்பவர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரான கஃப்பால் மர்வஸீ பூட்டுச் செய்பவர். முப்பது வயதுக்குப் பிறகே கல்விக்கு வந்தார் என்பர். எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருங்கியவர் இப்னுந் நதீம். பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்ற வர்ராக்கு. ஹிஜ்ரி 377இல், அதாவது 987ஆம் ஆண்டளவில், அவர் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ இல்லையென்றால் எத்தனையோ நூல்களின் பெயர்கள்கூட இன்று நமக்குத் தெரியா. இந்த வரிசையின் கடைக்கோடியில், நாகூரின் ஒரு குறுந்தெருவில், நானும் உட்கார்ந்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தேன்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கடைகளில் கணிப்பொறி வந்தது. பேரேடு கட்டச் சொல்வோர் ஆண்டுக்காண்டு குறைந்து, பிறகு அறவே நின்றனர். பாடநூல் அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறைகள் வந்தன. சோறு போட்ட இரண்டு வகையும் போயின. எஞ்சியது உயிர் இருந்த மூன்றாம் வகை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் உள்ளூர ஒரு மகிழ்ச்சிதான். பேரேட்டுக்குக் கோடு போடும் வேலை எனக்கு எப்போதும் சலிப்பு. இனி நான் விரும்பியதை மட்டும் செய்யலாம் அல்லவா? வாப்பாவின் மூன்று வகைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்த நாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தர்காவின் கதவுகள் வீடிழந்தோர்க்குத் திறந்தன. இறந்தோர் பலர் சமய வேறுபாடின்றித் தர்கா நிலத்திலேயே அடக்கப்பட்டனர். அந்நாட்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் கடையின் கதையை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து மக்கள் முஸ்ஹபுகளைக் கொண்டு வரலாயினர். துணியில் சுற்றியும், பிளாஸ்டிக் வாளியில் வைத்தும், மார்போடு அணைத்தும் கொண்டு வந்தனர். மணலும் சேறும் ஏறி, பக்கங்கள் ஒட்டி, செங்கல்போல் இறுகியிருந்தன. கடல்நீரில் நனைந்த தாளை அப்படியே உலர்த்தினால் போதாது. உப்பு தாளில் தங்கிவிடும். தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூஞ்சணம் பிடித்துத் தாள் மக்கும். எனவே தையலைப் பிரித்து, ஃபாரம் ஃபாரமாக நன்னீரில் அலசி, உறிஞ்சு தாளின் இடையே வைத்து, நிழலில் விரித்து, ஏறக்குறைய உலர்ந்ததும் பலகைக்கிடையே அழுத்தி வைக்க வேண்டும். கடை போதாமல் எங்கள் வீட்டுக் கூடத்திலும் கயிறு கட்டினோம். நானும் உதவியாளரும் என் மனைவியும் நான்கு மாதம் வேறு எதையும் செய்யவில்லை. யாரிடமும் காசு கேட்கவில்லை.

அவற்றுள் ஒன்றை மறக்கமாட்டேன். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மூதாட்டி கொண்டுவந்த முஸ்ஹபு. அதன் கடைசி வெற்றுத்தாளில் அவர் வீட்டில் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் பேனா மையில் எழுதியிருந்தன. அச்சு மை நீரைத் தாங்கும். பேனா மை தாங்காது. ஏற்கெனவே பாதி கரைந்திருந்தது. அலசினால் உப்பு போகும், பெயர்களும் போகும். அலசாவிட்டால் பெயர்கள் இருக்கும், உப்பும் இருக்கும். அவரிடமே கேட்டேன். “பேரு இருக்கட்டும் தம்பி. அதுல ரெண்டு பேரு இப்ப அந்தத் தாள்ல மட்டுந்தான் இருக்காங்க” என்றார். அந்தத் தாளை மட்டும் அலசாமல் உலர்த்தித் தைத்தேன். மழைக்காலத்தில் அந்த ஒரு தாள் மட்டும் ஈரங்கோத்துக் கிடக்கிறதென்று பின்னாளில் ஒருமுறை சொன்னார்.

முஸ்ஹபை வாங்கியவர் பத்து ரூபாயை மேசைமேல் வைத்தார். நான் மறுத்தேன். அவர் முகம் சுருங்கிற்று. “அங்க முகாம்ல எல்லாத்தையும் சும்மா கொடுக்குறாங்க, வாங்கிக்கிறோம். இது எங்க வூட்டுக் குர்ஆனு. ஒங்க வாப்பா இருந்தா வாங்கியிருப்பாங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். அப்பொழுதே வாப்பாவின் சொல் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. இலவசமாகக் கொடுத்தலின் இன்பம் என் கண்ணை மறைத்திருந்தது.

அந்நான்கு மாதங்களுக்குப் பின் என் பெயர் ஊரில் பரவிற்று. கும்பகோணம், காரைக்கால், கூத்தாநல்லூர் என்று பல ஊர்களிலிருந்து பழங்கிதாபுகள் வந்தன. கல்லச்சில் பதிந்த அரபுத்தமிழ் நூல்கள், பூச்சியரித்த மௌலிது ஏடுகள், பாட்டன்மார் கையால் எழுதிய ராத்திபுகள் எல்லாம் வந்தன. கொடுப்பதை வாங்கிக்கொண்டேன். கொடுக்காதவரிடம் கேட்கவில்லை. ‘ஆலிம்சா பணத்தைப் பார்க்கிறவரில்லை’ என்று மக்கள் பேசுவது என் காதுக்கு எட்டும். அதைக் கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது.

2011இல், ரஜபு மாதத்தின் ஒரு மாலையில், உதவியாளர் வழக்கத்துக்கு மாறாக ஊசியை மெழுகில் குத்திவைத்துவிட்டு என் முன்னே வந்து நின்றார். நாகப்பட்டினத்தில் அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், அடுத்த மாதம் முதல் வர இயலாதென்றும் சொன்னார். எனக்குப் பேச்சு எழவில்லை. “வாப்பா காலத்துலேருந்து இருக்கீங்களே தம்பி, இந்த வேலையை விட்டுட்டு அட்டைப்பெட்டி ஒட்டவா போறீங்க?” என்றேன். அவர் தலைகுனிந்தபடியே சொன்னார்: “ஆலிம்சா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஒங்களுக்கு மனசு நெறையுது. எனக்கும் நெறையுதுதான். ஆனா எனக்கு மூணு புள்ளைங்க. அதுங்களுக்கு வயிறு நெறையணும்.”

அவருக்கு நான் கொடுத்து வந்த கூலி நாளொன்றுக்கு 120 ரூபாய். நான்காண்டுகளாக அது ஏறவில்லை. இருமுறை அவர் கூச்சத்தோடு கேட்டிருந்தார். இருமுறையும் நான், “பொறுங்கள் தம்பி, பரக்கத் வரும்” என்று சொல்லியிருந்தேன். இறைவனுடைய அருளைக் குறிக்கும் ஒரு சொல்லை, நான் கொடுக்க வேண்டிய கூலியைத் தள்ளிப்போடப் பயன்படுத்தியிருக்கிறேன்! உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்னும் நபிமொழியை எத்தனை மேடைகளில் விளக்கியிருப்பேன்!

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்துத்தான் சொன்னேன் போலும். என் மனைவி தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து சென்று, அலமாரியிலிருந்து பள்ளிப்பிள்ளையின் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். கடையின் மின்கட்டணம், காலிகோ துணிக்கு நான் வீட்டுச் செலவிலிருந்து எடுத்த தொகைகள், ஓடு மாற்றிய செலவு எல்லாம் அதில் நாள்வாரியாக இருந்தன. எல்லாவற்றையும் அவர் துணி தைத்து ஈட்டிய பணத்திலிருந்து ஈடு செய்திருந்தார். “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “ஒங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு இருந்தேன். ஆனா ஏங்க, அது யாரு காசுல வந்த சந்தோஷம்னு ஒருநாளாவது நீங்க பாத்திருக்கலாம்” என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்ரஸாவில் பாடம் நடத்தும்போது மனம் ஒன்றவில்லை. வீட்டுக்கு வந்து, இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலில் பொருளீட்டலின் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியை எடுத்தேன். பலமுறை நடத்திய பாடந்தான். வணிகத்தில் பிறருக்குத் தீங்கு செய்யாத நீதியை முதலில் ஓர் இயலாகவும், அதற்குமேல் நன்மை செய்யும் இஹ்ஸானை அடுத்த இயலாகவும் இமாம் அவர்கள் வைக்கிறார்கள். நீதி வணிகத்தின் முதலைப் போன்றது, இஹ்ஸான் அதன் இலாபத்தைப் போன்றது என்னும் கருத்தை அங்கே சொல்கிறார்கள். எத்தனையோ முறை மாணவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிக் கடந்திருக்கிறேன். அன்று கடக்க முடியவில்லை. வாடிக்கையாளருக்கெல்லாம் நான் இஹ்ஸான் செய்துகொண்டிருந்தேன். அதற்கான முதலை, என்னிடம் கூலிக்கு வந்தவரின் பங்கிலிருந்தும் என் மனைவியின் கண்ணொளியிலிருந்தும் எடுத்திருந்தேன். பிறர் முதலில் இலாபம் காண்பவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாழ்வில் முதன்முறையாக ஒரு முஸ்ஹபின் கணக்கு. பழைய தையலைப் பிரித்தல், கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டுதல், தைத்தல், முதுகுக்குப் பசையும் துணியும், அட்டை அறுத்தல், காலிகோ போர்த்துதல், அழுத்துதல். பசை உலரும் நேரத்தை விட்டுக் கை வேலை மட்டும் ஏழு மணி நேரம். நூல், அட்டை, துணி, தாள் எல்லாம் சேர்ந்து 45 ரூபாய். நான் பெரும்பாலும் வாங்கியது 80 ரூபாய். மீதி 35. ஏழு மணி நேரத்துக்கு 35 ரூபாய் என்றால் மணிக்கு ஐந்து. அந்நாளில் அது ஏறத்தாழ ஒரு கோப்பைத் தேநீரின் விலை. கார் வைத்திருந்த வாடிக்கையாளரிடமும் நான் இதே 80 ரூபாயைத்தான் வாங்கியிருந்தேன். அவர்கள் கேட்டிருந்தால் 300 கொடுத்திருப்பார்கள். கேட்பதற்கு எனக்குக் கூச்சம். கேட்டால் ‘பணத்தைப் பார்க்கிறவரில்லை’ என்னும் பெயர் போய்விடுமே! ஆக, நான் ஒன்றுமே வாங்காமல் வேலை செய்யவில்லை. புகழை வாங்கிக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறேன்.

உதவியாளரின் கணக்கையும் போட்டேன். ஊரில் அவ்வேலைக்கு ஒத்த வேலைகளின் கூலியோடு ஒப்பிட்டால் சராசரியாக நாளொன்றுக்கு 40 ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். மாதம் இருபத்தைந்து நாள். ஆயிரம் ரூபாய். நான்காண்டுக்கு 48,000. சட்டம் பார்த்தால் அவர் ஒப்பிய கூலிதான். கடனென்று எவரும் தீர்ப்பளிக்கமாட்டார். ஆனால் ஃபத்வா ஒன்று, கல்பு ஒன்று. அவர் வீட்டுக்குச் சென்று கணக்கைச் சொன்னேன். அவர் பதறி, “ஹக்கெல்லாம் ஒண்ணும் இல்ல ஆலிம்சா, ஹலாலாக்கிட்டேன்” என்றார். “நீங்கள் ஆக்கிவிட்டீர்கள், எனக்கு ஆகவில்லை” என்றேன். மாதம் ஆயிரம் வீதம், எத்தனை ஆண்டு குறைத்தேனோ அத்தனை ஆண்டு, 2015 வரை என் சம்பளத்திலிருந்து கொடுத்து முடித்தேன். அவர் கடைக்குத் திரும்பவில்லை. திரும்புவார் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். அதுவும் ஒரு வியாபாரக் கணக்குத்தான் என்று உணர்ந்து அடங்கினேன். பெருநாள்தோறும் வீட்டுக்கு வருகிறார். என் தையலைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்.

கடையைத் திருத்தி அமைத்தோம். ‘தோம்’ என்று எழுதுகிறேன். இம்முறை என் மனைவியையும் கலந்துகொண்டேன். வாப்பாவின் மூன்று வகை என்ற ஒழுங்கே சரியென்று தெரிந்தது. பேரேடு போனால் போகட்டும், அதன் இடத்தில் வேறொன்று வேண்டும். சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் தம் ஆய்வேடுகளைக் கட்டிக்கொள்ளத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போய்க்கொண்டிருந்தனர். அவ்வேலையை எடுத்தோம். ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகள் இன்றும் காகிதத்தில்தான் இருக்கின்றன. ஐம்பதாண்டு தாங்க வேண்டியவை. அவற்றை எடுத்தோம். இவ்விரண்டுக்கும் ஊர் விலையை முழுமையாக வாங்குகிறோம். முஸ்ஹபுக்கும் கிதாபுக்கும் விலைப்பட்டியல் எழுதிச் சுவரில் மாட்டினோம். இயன்றவர்க்கு ஒரு விலை, இயலாதவர்க்குப் பொருட்செலவு மட்டும். யார் எந்த வகை என்று நாங்கள் கேட்பதில்லை, அவரவரே சொல்லிக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளில் பொய் சொன்னவர் மிகச் சிலரே. இயன்றும் குறைத்துக் கொடுத்தவரைவிட, இயலாமலும் முழுவிலை வைத்துச் சென்றவர் அதிகம். பிள்ளைகள் ஓதும் சிறு கிதாபுகளுக்குக் கட்டணம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை மட்டும் கண்டிப்பாக வாங்குகிறோம்.

2020இல் கொரோனா ஊரடங்கில் மத்ரஸாவும் கடையும் மூடிக்கிடந்தபோது, வீட்டிலேயே சட்டத்தை வைத்துத் தைத்தேன். என் மகள் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவள் வணிகவியல் படித்தவள். இரண்டே வாரத்தில் ஜுஸ் தையல் கைவந்தது. தாயின் கைத்திறன் அவளிடம் இருந்திருக்கிறது. இப்பொழுது பதிவேடுகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் அவள் தையல்தான். அவளுக்கும் கூலி உண்டு. மாத முதல் வெள்ளியன்று கொடுக்கிறேன். “வூட்டுப் புள்ளைக்கு எதுக்கு வாப்பா?” என்று முதலில் சிரித்தாள். வீட்டுப் பிள்ளையிடமும் உழைப்பை இலவசமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதை அவளுடைய தாயின் நோட்டிலிருந்து நான் படித்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த நோட்டின் தொகையையும் சிறிது சிறிதாகத் தீர்த்தேன். கடைசி வரியின் கீழ் அவர் கோடு கிழித்த அன்று, வீட்டில் நெய்ச்சோறு.

சென்ற ஆண்டு ஒருவர் கடையை வாடகைக்குக் கேட்டு வந்தார். கைப்பேசி விற்கும் கடை வைக்க விரும்பினார். அவர் சொன்ன மாத வாடகை, எங்கள் கடையின் மாத வருமானத்தைவிடக் கூடுதல். முந்திய நானாக இருந்தால் பெருமிதத்தோடு உடனே மறுத்திருப்பேன். இம்முறை வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கடன் இல்லை. யார் கூலியும் நிலுவையில் இல்லை. வீட்டுச் செலவுக்கு என் சம்பளமும் கடையும் போதும். மிஞ்சுவது சிறிது, ஆனால் அது யாரையும் குறைத்து மிஞ்சியதன்று. மகளிடம் கேட்டேன். “வேணாம் வாப்பா, தைக்கலாம்” என்றாள். மனைவியிடம் கேட்டேன். “இப்ப வேணான்னு சொல்லலாம்” என்றார். அந்த ‘இப்ப’ என்ற சொல்லில் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, அன்பர்களே, இலாபத்தைப் பெரிதாக எண்ணாமல் மனநிறைவுக்காகத் தொழில் செய்வது இழிவன்று. நம் முன்னோர் பலர் அப்படி வாழ்ந்தவர்களே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியின் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்பதற்காக, அவ்விற்பனைத் தொகையையே தருமம் செய்துவிட்டதாக வரலாற்றில் படிக்கிறோம். ஆனால் நினைவிருக்கட்டும். அவர்கள் விட்டுக்கொடுத்தது தம் பங்கை. பிறர் பங்கையன்று. உங்கள் கடையில் நீங்கள் காணும் நிறைவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஆண்டுக்கொருமுறை கணக்கெடுங்கள். ஸகாத்துக்குக் கணக்கெடுக்கும் நாளிலேயே இதையும் எடுக்கலாம். வேலையாளிடம் கேளுங்கள். வீட்டில் கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் நோட்டு ஒன்று இருக்கக்கூடும்.

சென்ற வாரம் மஃரிபுக்குச் சற்று முன்பு ஒரு சிறுவன் வந்தான். ஏழெட்டு வயது இருக்கும். முந்திய மாதம் நான் தைத்துக் கொடுத்த அவனுடைய ஓதும் கிதாபை மேசைமேல் வைத்தான். நடு ஃபாரத்தில் நூல் தளர்ந்திருந்தது. என் பிழைதான். கண்ணாடியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. “என்ன தம்பி?” என்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: “நூலு வுட்டுப்போச்சு. நான் ஒரு ரூவா கொடுத்தேன்ல?”

வாப்பா சொன்ன வாய் அதுதான். அவனை உட்காரவைத்து, அவன் கண்முன்னே பிரித்து மீண்டும் தைத்துக் கொடுத்தேன். கிதாபை விரித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிச் சென்றான். அன்று எனக்குக் கிடைத்ததை யாராவது கேட்டால், இப்பொழுது கூசாமல் சொல்வேன்.

நம் கைகளின் வேலையையும், அவ்வேலையில் நம்மோடு உழைப்பவரின் உரிமையையும் பேணிக்கொள்ளும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.